பிரித்துப் பூட்டிய தானியங்கிக் கியர்ப் பெட்டி: மலைப்பாதைக்கு அனுப்புமுன் செய்யவேண்டிய சோதனைகள்

திருப்பதி நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதனை அடுத்து நிமிர்ந்து நிற்கும் சேஷாசலத்தின் மீதுள்ள திருமலையோ நகரத்தைவிட ஏறத்தாழ 700 மீட்டர் உயர்ந்தது. இவ்விரண்டையும் இணைக்கும் முதல் மலைப்பாதை 1944ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1970களில் இரண்டாவது பாதை அமைந்தபின், புதிய பாதை ஏறுவதற்கும், கொண்டையூசி வளைவுகள் மிகுந்த பழைய பாதை இறங்குவதற்கும் என ஒதுக்கப்பட்டன. இறங்கும் வண்டி 40 நிமிடத்திற்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது அப்பாதையில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. மலைமீது வேண்டிய அரிசியும் காய்கறியும் நெய்யும் லாரிகளில்தான் ஏறுகின்றன. சித்தூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் சாலையிலும், பங்காருபாளையத்திற்கும் பலமனேருக்கும் இடையே மொகிலி மலைச்சரிவு குறுக்கிடுகிறது. ஆகவே இவ்வட்டாரத்து லாரிக்கு ஏற்றமும் இறக்கமும் அன்றாட வேலை.

இந்நாட்டு லாரிகளில் பெரும்பாலானவை ஓட்டுநர் கையால் கியர் மாற்றும் அமைப்பு உடையவை. ஆயினும் சுரங்க டம்பர்கள், விமானநிலையத் தீயணைப்பு வண்டிகள், டில்லியில் 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளை ஒட்டிப் பெருகிய தாழ்தளப் பேருந்துகள் ஆகியவற்றில் தானியங்கிக் கியர்ப் பெட்டிகள் இடம்பெற்றன. சிறு சரக்கு வண்டிகளிலும் இவ்வகை வந்துவிட்டது. பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்ததும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததுமான ஸ்ரீசிட்டியில் 2016இல் தொடங்கப்பட்ட இசுசு தொழிற்சாலையின் பிக்கப் வண்டிகளில் தானியங்கி வகையும் உண்டு. வண்டிகள் பெருகுமிடத்தில் பழுதுகளும் பெருகும். அப்பெட்டிகளைப் பிரித்துப் பூட்டும் வேலை, பட்டறை வழக்கில் ஓவர்ஹால், இனி சிறு ஊர்களுக்கும் வந்துசேரும். வேலை முடிந்து வெளியே வரும் வண்டி முன்னிருந்ததைவிட மோசமாக ஓடுவதும் நேர்வதுண்டு. அந்நிலையில் எதனை முதலில் பார்ப்பது, எதனைக் கடைசியில் தொடுவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பெட்டியின் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே கன்வர்ட்டர் என்னும் உருண்டைக் கலம் உள்ளது. அதனுள் இரு விசிறிகள் எதிரெதிரே நிற்க, ஒன்று எறியும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. இடையிலுள்ள மூன்றாவது சிறு விசிறி எண்ணெயின் திசையைத் திருப்பி முறுக்குவிசையைப் பெருக்குகிறது. இவ்வமைப்புக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் கருதியது கப்பல்களையே. கன்வர்ட்டருக்குப் பின்னே கிரகப் பல்சக்கரத் தொகுதிகள் உள்ளன. சூரியனைச் சுற்றும் கிரகங்கள்போல நடுச் சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றிவருவதால் இப்பெயர். இவற்றின் பற்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். எந்த உறுப்பைச் சுழலவிடுவது, எதனைப் பிடித்து நிறுத்துவது என்பதைப் பொறுத்தே கியர் மாறுகிறது. சுழலும் உறுப்புகளை இணைப்பவை கிளட்ச் தட்டுகள். உருளையைச் சுற்றி இறுக்கி நிறுத்துபவை பேண்டு எனப்படும் பட்டைகள். இவை அனைத்தையும் இயக்குவது எண்ணெயின் அழுத்தம். அதனைப் பம்பு உண்டாக்க, வால்வுத் தொகுதி உரிய இடங்களுக்குப் பங்கிடுகிறது. ஆகவே இப்பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு அன்று; விசையைக் கடத்துவதும், கட்டளையைச் சுமப்பதும், வெப்பத்தை அகற்றுவதும் அதுவே.

பழுதுபட்ட பெட்டியை ஆராய்வதற்கும், பூட்டி முடித்த பெட்டியை ஆராய்வதற்கும் வேறுபாடு உண்டு. ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் குற்றம் தேய்மானத்தால் வரும். பூட்டி முடித்த பெட்டியிலோ, முன்பு இல்லாத குற்றம் இப்பொழுது தோன்றினால் அது பூட்டும்போது புகுந்தது; முன்பிருந்த அதே குற்றம் நீடித்தால் அதன் மூலம் பெட்டிக்கு வெளியே இருக்கக்கூடும். இவ்விரு கேள்விகளையும் கேட்காமல் மீண்டும் பெட்டியை இறக்குவது பட்டறைகளில் காணப்படும் பெருந்தவறு. ஓட்டுநர் கூறுவதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளவேண்டும். “சூடேறினால் இழுக்கவில்லை” என்பதும் “காலையில் கிளம்பும்போது இழுக்கவில்லை” என்பதும் நேர் எதிரான காரணங்களைச் சுட்டுகின்றன. சூட்டில் வழுக்குவது, எண்ணெய் இளகியபின் கசியும் சீலையோ வளையத்தையோ காட்டும். குளிரில் மட்டும் தாமதமாகப் பிடித்துப் பின் சரியாவது, இறுகிப்போன ரப்பர்ச் சீலையோ, இரவில் கன்வர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்துவிடுவதையோ காட்டும்.

முதற் சோதனை எண்ணெய் மட்டம். இது எளிதாயினும் பலர் பிழை செய்யுமிடம் இதுவே. பிரித்த பெட்டியில் கன்வர்ட்டரும் கூலரும் குழாய்களும் காலியாக இருக்கும். எஞ்சினை இயக்கியவுடன் அவை எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஆதலின் முதலில் ஊற்றி அளந்த மட்டம் பொய்யான மட்டம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு நிலைக்கும் நெம்புகோலை நகர்த்தி, எண்ணெய் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியபின் அளவுக் குச்சியில் பார்க்கவேண்டும். குச்சியில் குளிர்க்குறி, சூட்டுக்குறி என இரண்டு இருப்பின் அவற்றை மாற்றிக்கொள்ளலாகாது. சித்தூர்க் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் “குளிர்ந்த எண்ணெய்” என்பது தொடுபவர் கையைப் பொறுத்தது அன்று, வெப்பமானியே சாட்சி. மட்டம் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மட்டம் மிகுந்தாலும் அதே கேடுதான்: சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயில் தோய்ந்து அதனை மோர்போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை அழுங்கும், எண்ணெய் அழுங்காது. ஆகவே குறைவும் மிகையும் ஒரே அறிகுறியைத் தரும். சீராகப் பூட்டிய பெட்டியில் எல்லாக் கியர்களும் ஒருசேர வழுக்குமாயின் முதற் சந்தேகம் எண்ணெய் மட்டம், அடுத்தது வடிகட்டியின் கழுத்து வளையம், அதற்கடுத்ததே பம்பு. எண்ணெயின் இனமும் அந்தப் பெட்டிக்கு வகுத்ததாக இருக்கவேண்டும். வேறு இன எண்ணெயில் கிளட்ச் தட்டுகளின் உராய்வு மாறி, கன்வர்ட்டர் பூட்டும் தருணத்தில் வண்டி நடுங்கும்.

அடுத்தது கூலர். தட்டுகள் எரிந்து பழுதான பெட்டியிலிருந்து வந்த தூளும் உலோகப் பொடியும் கூலரின் குறுகிய வழிகளில் தங்கிவிடும். பெட்டியைப் புதுப்பித்துக் கூலரைக் கழுவாது விட்டால் அத்தூள் புதிய பெட்டிக்குள் வரும். அல்லது வழி அடைபட்டு எண்ணெய் ஆறாது. சமவெளியில் இக்குற்றம் வெளிப்படாது. திருப்பதித் தெருக்களில் நன்றாக ஓடிய வண்டி மலையில் நான்கு கிலோமீட்டர் ஏறுவதற்குள் நின்றுவிடுவதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். இதனை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம்.

பாரத்துடன் 16 டன் எடையுள்ள லாரி ஒன்று 700 மீட்டர் உயர்வதாகக் கொள்க. 16,000 கிலோகிராம், 9.8, 700 ஆகிய மூன்றையும் பெருக்க, ஏறத்தாழ 11 கோடி ஜூல் கிடைக்கும். ஏறுவதற்கு 40 நிமிடம், அதாவது 2,400 விநாடி எனின், உயர்த்துவதற்கு மட்டும் தேவையான திறன் 46 கிலோவாட். சக்கரங்களின் உருளல் தடைக்கு மேலும் 10 கிலோவாட் சேர்க்க, 56 ஆகும். கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் எண்ணெய் வழியாகவே, 85 விழுக்காடு பயனுடன் திறனைக் கடத்துமாயின், எஞ்சின் 66 கிலோவாட் தரவேண்டும். மீதி 10 கிலோவாட் எண்ணெயில் வெப்பமாகிறது. இது வீட்டு மின் அடுப்புகள் ஐந்துக்குச் சமம். பெட்டியில் 25 லிட்டர் எண்ணெய் இருந்தால் அதன் நிறை ஏறத்தாழ 21 கிலோகிராம். ஒரு டிகிரி உயர 42,000 ஜூல் போதும். கூலர் முற்றிலும் அடைபட்டிருந்தால் எண்ணெயின் வெப்பநிலை நிமிடத்திற்கு 14 டிகிரி ஏறும். 80 டிகிரியில் கிளம்பியது ஐந்து நிமிடத்தில் 150 டிகிரியைத் தொடும். பெட்டியின் உலோகமும் வீசும் காற்றும் சிறிது வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் சில நிமிடம் கூடலாம், அவ்வளவே. 120 டிகிரியைத் தாண்டிய எண்ணெய் விரைவில் கருகி, ரப்பர்ச் சீலைகளை இறுகச் செய்து, தட்டுகளின் மேற்பூச்சை எரிக்கும். எனவே கூலரின் திரும்பு குழாயைக் கழற்றி, அளவுக் கலத்தில் எண்ணெய் பாய்வதை நேரம் குறித்துப் பார்த்து, தயாரிப்பாளரின் கையேட்டு அளவோடு ஒப்பிடுவது தவறாமல் செய்யத்தக்க சோதனை.

மின்னணுக் கட்டுப்பாடுடைய பெட்டிகளில், பூட்டிய மறுநாளே வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொள்வதுண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டகம் தவறான செய்தி கண்டு தற்காப்பு நிலைக்குச் சென்றதன் அடையாளம் இது. பெட்டியை இறக்கும்போது கழற்றிய மின் இணைப்பான், வேகம் அளக்கும் உணரி, சட்டத்தோடு இணையும் நிலக் கம்பி ஆகிய மூன்றும் முதலில் பார்க்கத்தக்கவை. பழைய தட்டுகளின் தேய்மானத்துக்கேற்பப் பெட்டகம் தன் நினைவில் வைத்திருக்கும் அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்பிக்கவும் வேண்டும். இல்லையேல் புதிய தட்டுகளைப் பழைய அளவில் இயக்க, கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதைக்கும். உதைக்கிறது என்பதற்காகவே பெட்டியைத் திறந்துவிட்டு, உள்ளே குற்றம் ஒன்றும் காணாமல் திரும்பப் பூட்டும் உழைப்பை இச்சிறு வேலை மிச்சப்படுத்தும்.

இனி உட்குற்றத்தைத் திறக்காமலே அறியும் முறை. ஒவ்வொரு கியரிலும் எவ்வெவ் உறுப்புகள் பிடிக்கின்றன என்னும் அட்டவணை கையேட்டில் இருக்கும். அமெரிக்கப் பொறியாளர் ஹோவர்ட் சிம்ப்சன் வகுத்ததும் நெடுங்காலம் பரவலாக வழங்கியதுமான மூன்று கியர் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் முன்செல் கிளட்ச் எல்லா முன் கியர்களிலும் பிடிக்கும். நேர்க் கிளட்ச் மூன்றாவது கியரிலும் ரிவர்ஸிலும் பிடிக்கும். முன்பட்டை இரண்டாவதில் மட்டும் இறுகும். பின்பட்டை ரிவர்ஸிலும், ஓட்டுநர் நெம்புகோலைத் தாழ்நிலையில் வைக்கும்போது முதல் கியரிலும் இறுகும். நெம்புகோல் சாதாரண ஓட்டநிலையில் இருக்கையில், முதல் கியரில் பின்பட்டையின் வேலையை ஒருவழிக் கிளட்ச் செய்கிறது.

இதனைக்கொண்டு தீர்வு காணலாம். மூன்றாவதும் ரிவர்ஸும் வழுக்கி, மற்றவை சரியாக இருந்தால் குற்றம் இரண்டுக்கும் பொதுவான நேர்க் கிளட்சில். இரண்டாவது மட்டும் வழுக்கினால் முன்பட்டையில். ஓட்டநிலையில் முதல் கியர் இழுக்காமல், தாழ்நிலையில் இழுத்தால் ஒருவழிக் கிளட்ச் உடைந்தது, அல்லது தலைகீழாகப் பூட்டப்பட்டது. பின்னது பூட்டுபவர் கைப்பிழை. எல்லா முன் கியர்களும் போய் ரிவர்ஸ் மட்டும் இருந்தால் முன்செல் கிளட்ச். இவ்வாறு இரு கியர்களுக்குப் பொதுவானது எது என்று கேட்கும் முறை மாணவர்களுக்கு நல்ல தருக்கப் பயிற்சியுமாகும்.

எஞ்சியுள்ள ஒரு நிலையே இப்பாடத்தில் மிக முக்கியமானது: மூன்று முன் கியர்களும் நன்றாக இழுக்கின்றன, ரிவர்ஸ் மட்டும் சற்று வழுக்குகிறது. பட்டறையில் இதனைச் சிறு குறையாகக் கருதி, “ரிவர்ஸ் எப்போதாவது போடுவதுதானே, ஓடஓடச் சரியாகும்” என்று வண்டியை அனுப்பிவிடும் மனப்பான்மை உண்டு. அட்டவணையை மீண்டும் நோக்குக. ரிவர்ஸில் பிடிக்கும் பின்பட்டையே தாழ்நிலை முதல் கியரிலும் பிடிக்கிறது. ஏறும்போது அதன் உதவி தேவையில்லை; ஒருவழிக் கிளட்ச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே லாரி முழுப் பாரத்தோடு திருமலைக்கு ஒரு குறையுமின்றி ஏறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். இப்பொழுது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றவேண்டும். அந்த எதிர்த்தடையே எஞ்சின் பிரேக். ஒருவழிக் கிளட்ச், தன் பெயருக்கேற்ப, ஒரு திசையில் மட்டும் பிடிப்பது. எதிர்த்திசையில் சும்மா சுழன்றுவிடும். பின்பட்டையும் பிடிக்கவில்லையெனில் ஓட்டுநர் தாழ்நிலையில் நெம்புகோலை வைத்தும் வண்டி நியூட்ரலில் இருப்பதுபோலவே உருளும்.

முன்னைய கணக்கு இங்கும் பொருந்தும். 40 நிமிடத்தில் இறங்கும் அந்த 16 டன் லாரி 46 கிலோவாட்டை வெளியேற்றவேண்டும். உருளல் தடை 10 கிலோவாட்டை வாங்கிக்கொள்ள, மீதி 36 கிலோவாட் எஞ்சின் பிரேக்கும் சக்கரப் பிரேக்கும் பகிரவேண்டியது. எஞ்சின் தன் பங்கை விட்டுவிட்டால் முழுவதும் பிரேக் உருளைகளில் சேர்ந்து, அவை பழுக்கக் காய்ந்து, லைனிங் உராய்வை இழக்கும். வளைவுக்கு மேல் வளைவாக வரும் பாதையில், மிதித்த மிதிக்கு வண்டி நிற்காத நிலை அப்பொழுதே நேர்கிறது. 2022 முதல் திருமலைப் பாதையில் ஓடும் மின்பேருந்துகளில் இறக்கத்தின்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இதே ஆற்றலின் ஒரு பகுதியை பாட்டரிக்குத் திருப்புகிறது. டீசல் லாரிக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே இச்சோதனை அலிபிரிச் சாவடிக்கு வருமுன்பே, சமதரையில் முடிந்திருக்கவேண்டும். வெறுவண்டியாக மணிக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர் வேகத்தில், நெம்புகோல் தாழ்நிலையில் இருக்க, ஆளற்ற நேர்ச்சாலையில் ஓட்டி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவேண்டும். பெட்டி சரியாக இருந்தால் எஞ்சின் சுழற்சி வண்டியின் வேகத்தோடு இணைந்தே குறையும். பின்னிருந்து யாரோ இழுப்பதுபோன்ற தடை தெரியும். எஞ்சின் உடனே ஐடிலுக்கு இறங்கி, வண்டி தடையின்றி உருண்டால் பின்பட்டை பிடிக்கவில்லை. பிறகு சிறு மேட்டில் வண்டியைப் பின்புறமாக ஏற்றிப் பார்த்தால் அதே குற்றம் ரிவர்ஸிலும் உறுதிப்படும். இரண்டையும் குளிர்ந்த நிலையிலும், சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் சென்று திரும்புமளவு ஓட்டிச் சூடேற்றியபின்னும் செய்தல் வேண்டும். சூட்டில் மட்டும் தவறும் பட்டையே மிகவும் ஏமாற்றக்கூடியது.

பட்டைக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்தோ, எண்ணெய்த் தட்டைக் கழற்றியோ திருகக்கூடிய சரிக்கட்டுத் திருகு இருக்கும். கையேடு சொல்லும் முறுக்களவுக்கு இறுக்கி, அது சொல்லும் சுற்றுகள் பின்தளர்த்தி, பூட்டு மரையை முடுக்கவேண்டும். புதிய லைனிங் போட்டபின் பழைய இடத்திலேயே திருகை விட்டுவிடுவது வழக்கமான பிழை. இதனாலும் தீரவில்லையெனில் அழுத்தமானியைப் பெட்டியின் சோதனைத் துளையில் பொருத்தி, ரிவர்ஸில் அழுத்தம் பார்க்கவேண்டும். பிரேக்கை அழுத்தி எஞ்சினை முழுவேகம் முடுக்கும் ஸ்டால் சோதனையைக் கையேடு அனுமதித்தால் மட்டும், ஐந்து விநாடிக்கு மேற்படாமல், வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் நில்லாதபடி செய்க. அழுத்தம் நிறைவாக இருந்தும் பட்டை வழுக்கினால் பட்டையோ அதன் தாங்குகோலோ இடம் பிசகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் பட்டையை இயக்கும் பிஸ்டனின் சீல் வெட்டுப்பட்டிருக்கும்.

எல்லாப் பெட்டிகளும் இவ்வகையின அல்ல என்பதையும் குறிப்பிடவேண்டும். பெரிய லாரிகளுக்கான பல தானியங்கிப் பெட்டிகளில் பட்டைகளே இல்லை. எல்லாவற்றையும் கிளட்ச் தட்டுகள் செய்கின்றன. இன்றைய இந்திய லாரிகளில் தானியங்கி என்று வழங்குவனவற்றுள் பல, சாதாரணக் கியர்ப் பெட்டியையும் கிளட்சையும் காற்றழுத்தத்தாலும் மின்னணுவாலும் இயக்குபவை. அவற்றில் கன்வர்ட்டர் இல்லை. பூட்டியபின் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கருவிகொண்டு புதிதாகக் கற்பிப்பதும், காற்றுக் கசிவு பார்ப்பதுமே அவற்றின் முதல் வேலை. ஆயினும் இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கிறதா என்னும் சோதனை எல்லா வகைக்கும் பொது.

இவ்வளவும் பார்த்தபின் பெட்டியை இறக்கியே தீரவேண்டுமெனில், மறுமுறை பூட்டும்போது இரு இடங்களில் நிதானம் வேண்டும். வால்வுத் தொகுதியைப் பூட்டுமுன், ஒவ்வொரு கிளட்சுக்கும் பட்டைக்கும் செல்லும் எண்ணெய்த் துளையில் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்தினால் ‘டொப்’ என்னும் ஓசையுடன் பிஸ்டன் நகரவேண்டும்; சீறும் ஓசை கேட்டால் அங்கே சீல் பழுது. அடுத்து, கன்வர்ட்டரைப் பெட்டியின் தண்டில் வைத்துச் சுழற்றிச் சுழற்றி, அது பம்பின் பல்லில் முழுதும் இறங்கி அமரும்வரை பொறுக்கவேண்டும். எஞ்சினோடு பெட்டியைச் சேர்த்தபின்னும் கன்வர்ட்டர் கையால் சிறிது முன்பின் நகரவேண்டும். நகராமல், போல்ட்டை முடுக்கினால்தான் பெட்டியும் எஞ்சினும் நெருங்கி வருகின்றன என்றால், அங்கேயே நிறுத்திப் பெட்டியைப் பின்னிழுக்கவேண்டும். மேலும் முடுக்கினால் புதிய பம்பு எஞ்சினை இயக்குமுன்பே உடைந்துவிடும்.